லூர்தம்மாள் பெயரில் இருந்த நெஞ்சு

ஓய்வு பெற்றவனிடம் இரண்டே விஷயங்களைத்தான் கேட்பார்கள். ஒன்று, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று. இன்னொன்று, நாலு வார்த்தை அறிவுரை. நான் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறதாம். ஆன்லைன் காப்பகத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்பது தலைப்பாம். மூத்தவர் அனுபவம் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "ஒரு பக்கம் போதும் சார், அதுக்கு மேல இதுக படிக்காதுக" என்றாள். அந்தக் கோபத்தில்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

நான் படித்த கதையைச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் படித்தேன். இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் பிலிம் கழுவினேன். கையில் ஏறிய மருந்து வாடை சோற்றிலும் வந்தது. பிறகு கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன். கத்தோலிக்க ஊர். பாதிப் பேர் அந்தோணி, மீதிப் பேர் சவரிமுத்து. நான் ஒருவன்தான் முருகேசன். அதனால் என்னை யாரும் மறக்கவில்லை. சுற்றுப்பட்டி இந்துக் குடும்பங்களும் அங்கேதான் வைத்தியத்துக்கு வரும். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், ஜீப்பில் குமுளி ஏறி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், அந்த ஜீப்பிலிருந்து விழுந்தவர்கள் என்று எனக்கு வேலைக்குக் குறைவிருந்ததில்லை.

அந்தக் காலத்தில் எடுத்த படத்தை நோயாளியிடமே கொடுத்துவிடுவோம். எங்கள் பள்ளத்தாக்கில் எக்ஸ்ரே படத்துக்குத் தனி மரியாதை உண்டு. படம் எடுத்துவிட்டால் நோய் பாதி குணமான மாதிரி. வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்தால் மாமனாரின் இடுப்பெலும்பு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பழைய படம் எங்கே என்று டாக்டர் கேட்டால் "வீட்ல பத்திரமா இருக்கு" என்பார்கள். அது உண்மைதான். கொண்டுவர மட்டும் முடியாது.

இந்த நிலைமையில்தான் நிர்வாகியாக சிஸ்டர் லிசி வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், ஏறவே ஏறாத குரல். தமிழைத் தமிழாகவும் பேச மாட்டார், மலையாளமாகவும் விட மாட்டார். அவருக்குக் கோபம் வந்திருப்பது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போதுதான் தெரியும். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒரு தடவை மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் எதிரே இருக்கும்போது அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடியே தேய்ந்துவிடும் என்று நினைத்தேன். மருந்துக்காரர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சிஸ்டர்தான் டிஜிட்டல் எக்ஸ்ரே மெஷினை வாங்கினார். படங்களைச் சேமித்து வைக்க ஆன்லைன் காப்பகம் ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தார். அந்தக் கம்பெனியிலிருந்து டை கட்டிய பையன் ஒருவன் வந்து விளக்கினான். படங்கள் எங்கேயோ தூரத்தில் இருக்குமாம். புதுப் படங்கள் மேலடுக்கில் இருக்கும், தட்டினால் வரும். பழையவை அடியடுக்குக்குப் போய்விடும், அதற்குச் செலவு குறைவு. ஆனால் வேண்டுமென்றால் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், மறுநாள்தான் வரும். "இது கொஞ்சம் புரியறதுக்குக் கஷ்டம்" என்று அவன் வருத்தப்பட்டான். எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நம்முடைய வயலுக்கான தண்ணீர் அடுத்தவர் மலையில் அணையில் தேங்கிக் கிடப்பதும், கேட்டுக் காத்திருந்து மலையடியில் லோயர் கேம்ப்பில் அது இறங்கியபிறகு நாற்றங்கால் போடுவதும் இங்கே பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனிப் பையன் போனபிறகு சிஸ்டர் தன் சட்டங்களைச் சொன்னார். காப்பகத்தில் எதை ஏற்றுவதானாலும் மூன்று கேள்வி. "ஆருக்கு? எதுக்கு? எந்நாள் வரைக்கும்?" மூன்றுக்கும் பதில் இருந்தால் ஏற்றலாம். யார் பெயரில் படம் இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் பழைய படத்தைத் திறக்கக் கூடாது. திருப்பூரில் இருக்கும் மகன் கேட்டாலும், பங்குச் சாமியார் கேட்டாலும் போனில் அனுப்பக் கூடாது. ஏற்றியதை அழிக்கவோ திருத்தவோ கூடாது. தப்பு இருந்தால் தப்பு என்று பக்கத்தில் குறிப்பு எழுதலாம். அடியடுக்கிலிருந்து எடுப்பதற்குப் பாஸ்வேர்டு இரண்டு பாதி. ஒரு பாதி அவரிடம், மறு பாதி என்னிடம். அவர் தியானத்துக்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரியின் பழைய எலும்புகள் எல்லாம் அவரோடு தியானத்தில் இருக்கும்.

இதெல்லாம் அதிகப்படி என்று அப்போது எல்லோரும் நினைத்தோம். ஆபீஸ் கணக்கர் நினைத்ததோடு நிற்கவில்லை. மாதா கோயில் திருவிழாவின் தேர்ப்பவனியை டிரோனில் பிடித்திருந்தார்கள். அந்த வீடியோவை எங்கே வைப்பது என்று யோசித்தவர், இடம்தான் கிடக்கிறதே என்று காப்பகத்தில் ஏற்றிவிட்டார். வெடி, வாண வேடிக்கை, அன்னதானம், சாமியாரின் வெள்ளி விழாவும் கூடவே. சேமிப்பு ஏன் இப்படி வீங்குகிறது என்று கம்பெனியிலிருந்து கேட்டு எழுதினார்கள். சிஸ்டர் திட்டவில்லை. கணக்கரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து முழு வீடியோவையும் போட்டார். ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி, "இதில நோயாளி ஆரு?" என்று கேட்டார். தேர் வரும்போதும் கேட்டார். சாமியார் கேக் வெட்டும்போதும் கேட்டார். சாம்பார் வாளியோடு கணக்கரே ஓடிவரும் காட்சி வந்தபோது, "நான்தான் சிஸ்டர்" என்று அவர் ஒப்புக்கொண்டார். அதன்பிறகு அவர் தன் போனிலிருந்த பேரன் படத்தைக்கூட எங்கும் ஏற்றவில்லை.

இனி தாலி விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சுப் படம் எடுக்கும்போது உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்துப் பெண்களிடம் எதை வேண்டுமானாலும் கழற்றச் சொல்லலாம், தாலியைத் தவிர. சிலர் வாயில் கவ்விக்கொள்வார்கள். சிலர் முதுகுப்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, "முன்னாடி ஒண்ணுமில்ல சார், எடுங்க" என்பார்கள். முன்னால் புகுந்து பின்னால் வருவதுதான் எக்ஸ்ரேயின் வேலை என்பதை எத்தனை வருடம் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள், ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதனால் பல நுரையீரல்களுக்கு நடுவில் தாலி, காசு, குண்டு, நாலைந்து ஊக்கு எல்லாம் பளிச்சென்று விழும். அவற்றுக்குக் கீழே "உலோகம் உள்ளது, தரம் குறைவு" என்று எழுதி ஏற்றுவேன்.

அப்படி ஒரு நாள் வந்தவள் பேச்சியம்மாள். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. மேல்மூச்சு வாங்க வந்து நின்றாள். அட்டையில் லூர்தம்மாள் என்று இருந்தது, நானும் லூர்தம்மாள் என்றே பதிந்தேன். அந்த அட்டை ஊர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த பாதிக் கட்டணச் சலுகை. அதில் பெயர் இருக்கும், முகம் இருக்காது. லூர்தம்மாளும் பேச்சியம்மாளும் ஒரே தோட்டத்தில் ஒரே பந்தலின் கீழ் பழம் வெட்டுகிறவர்கள். ஒருத்திக்கு மூச்சு வாங்கியது, இன்னொருத்தி தன் அட்டையைக் கொடுத்தாள். குடம் இரவல் கொடுப்பது போலத்தான். இது எனக்குத் தெரிய வந்தது வருடங்கள் கழித்து.

தாலியைக் கழற்றச் சொன்னேன். "கழுத்தவிட்டு எறங்காது சார். அது அவரு உசுரு" என்று முதுகில் போட்டுக்கொண்டு நின்றாள். எடுத்தேன். வலது மேல்பக்கம் ஒரு சின்னப் பொட்டு இருந்தது. பழைய தழும்பாக இருக்கலாம், படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லி பிலிமில் ஒரு பிரதியும் கொடுக்கச் சொன்னார். பேச்சியம்மாள் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள், வளைய கிரகணம் வரும் வரை. அன்றைக்கு அவள் மகன் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க, தெருவே அவள் நெஞ்சு வழியாகச் சூரியனைப் பார்த்தது. பிள்ளைகளே, எக்ஸ்ரே பிலிம் வழியாகக் கிரகணம் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். அறிவுரை வேண்டும் என்றீர்களே, இது ஒன்று.

பிறகு கொரோனா வந்தது. அந்தச் சமயத்தில் நிஜமான லூர்தம்மாள் இருமலோடு வந்தாள். கூட அவள் கணவர் அருளப்பன். கொத்தனார், கையில் ஜெபமாலை இல்லாமல் சாரத்தில் ஏறாதவர். படம் எடுத்தோம், சுத்தமாக இருந்தது. புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் அக்கறையானவர். காப்பகத்தில் அதே பெயரில் இருந்த பழைய படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். தன் பெயரில் எந்தப் படம் என்று யோசிக்காமலே லூர்தம்மாள் தலையாட்டினாள், கையெழுத்தும் போட்டாள். மேலடுக்கில்தான் இருந்தது, உடனே வந்தது. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்த பொட்டு இப்ப இல்லவே இல்லையே" என்றார்.

அருளப்பன் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டுவிட்டார். நோய் இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும், போனதும் அப்போதுதான் தெரியும். அட்டை இரவல் போன கதை அவருக்குத் தெரியாது. லூர்தம்மாள் வாயைத் திறந்தாள், புருஷன் அழுவதைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் காரியங்கள் அவள் கையை மீறிப் போயின. நேர்ச்சையாக வெள்ளியில் கண், கை, கால் செய்து மாதாவுக்குக் காணிக்கை போடுவது வழக்கம். அருளப்பன் தேனிக்குப் போய் நுரையீரல் கேட்டார். கடைக்காரர் கேள்விப்பட்டதே இல்லை. அருளப்பன் வரைந்து காட்ட, ஆசாரி அடித்துக் கொடுத்தது பார்ப்பதற்குக் கொஞ்சம் இட்லி மாதிரியும் கொஞ்சம் வண்ணத்துப்பூச்சி மாதிரியும் இருந்தது. அதைக் கோயில் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார்கள். மாதா தன்னைக் குணமாக்கினார் என்று திருவிழாவில் லூர்தம்மாளை மைக்கில் சாட்சி சொல்ல வைத்தார்கள். ஊரே கைதட்டியது. நானும் பின்வரிசையில் நின்று தட்டினேன், நம் மெஷினில் பிடித்த புதுமையாயிற்றே, அற்புதத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

சில வருடங்கள் போயின. பழைய படங்கள் அடியடுக்குக்கு இறங்கிவிட்டன. ஒரு நாள் பேச்சியம்மாள் மஞ்சள் பையோடு வந்து என் அறை வாசலில் நின்றாள். பைக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன்.

"சார், நெஞ்சில கட்டி மாதிரி இருக்குங்குறாக. வர்ற வாரம் ஆப்பரேசனுக்கு வந்து படுத்துருங்குறாக. பழைய படம் இருந்தாக் கொண்டாம்மா, அதுலயும் இதே எடத்துல இதே அளவு இருந்தா கத்தியே வேணாம்னு சொன்னாக."

பிலிமின் கதியைச் சொன்னாள். கவலைப்படாதே, காப்பகத்தில் இருக்கும் என்று அவள் பெயரைத் தட்டினேன். இல்லை. ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தட்டினேன். இல்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "லூர்து அக்கா பேர்ல பாருங்க சார்."

எனக்குள் எல்லாம் ஒன்றாக ஓடியது. முழங்கால் போட்ட அருளப்பன், வெள்ளி இட்லி, மைக், என் கைதட்டல்.

"அக்காட்ட கேட்டியா?"

"பேச்சுவார்த்தை இல்ல சார். சாட்சி சொன்ன அன்னைக்குக் கூட்டத்துல நான் சிரிச்சுட்டேன். அத பாத்துருச்சு. அன்னையிலருந்து பந்தல்ல அது அந்தக் கடைசி, நான் இந்தக் கடைசி."

சிஸ்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "லூர்தம்மா வந்நோ?"

"இல்ல சிஸ்டர். படம் பேச்சியோடது."

"ஆரு பறஞ்சு?"

"பேச்சிதான் சொன்னா."

"நாளைக்கு வேற ஒருத்தி வந்து, லூர்தம்மா பிரசவக் காகிதம் எண்டெதுன்னு சொன்னா அதும் எடுத்துக் குடுப்பியோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்தப் பள்ளத்தாக்கின் நெஞ்சைப் பார்த்தவனுக்கு ஒரு நெஞ்சு யாருடையது என்று தெரியாதா? "அவ நெஞ்சுல கத்தி எறங்கப் போகுது சிஸ்டர். நம்ம சட்டத்துக்காக அறுத்துக்கட்டுமா? கையெழுத்தப் பின்னால வாங்கிக்கலாம்" என்று கத்தினேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே பேச்சியம்மாள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது கதவு இடுக்கில் தெரிந்தது.

"முருகேசா, பெயர் தப்பான ஒரு படம் ஒருத்திய இவ்வளவு கஷ்டப்படுத்துன்னு. இனி கையெழுத்தும் இல்லாம ஒண்ணு செய்தா அது அடுத்தவளெ கஷ்டப்படுத்தும். அடியில இருந்து எடுக்கச் சொல்லி இப்பவே கேக்கலாம், என் பாதி நான் போடறேன். நாளைக்கு வந்து நிக்கட்டும். பட்சே திறக்கண்டா. நீ போயி லூர்தம்மாவக் கூட்டிட்டு வா."

அதாவது தண்ணீர் மதகு வரைக்கும் வந்து நிற்கட்டும், திறப்பது அவள் கையில். எனக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் இரண்டு பாதியும் போட்டுக் கேட்டுவிட்டுப் போனேன்.

லூர்தம்மாள் பந்தலடியில் பன்னீர் திராட்சை வெட்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"அண்ணே, எம்படத்த யாரும் தொடக் கூடாது."

"அது ஒம்படம் இல்லையே ஆத்தா."

"எம்பேருதான போட்டுருக்கு?"

இப்படி ஒரு வக்கீல் தோட்டத்தில் கூலிக்கு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவளே உடைந்தாள்.

"வெள்ளியில செஞ்சு மாட்டிட்டாருண்ணே. தெனமும் வேலைக்குப் போகையில அங்கன நின்னு பாத்துட்டுத்தான் போவாரு. நான் மைக்கப் பிடிச்சு ஊருக்கே சொல்லிட்டேன். இப்பப் போயி எனக்கு நோவே இல்லன்னா அந்த மனுசன் மொகத்த எங்கன கொண்டுபோயி வைப்பாரு?"

"பேச்சி நெஞ்ச எங்கன கொண்டுபோயி வைக்கிறது?"

கத்தரிக்கோல் நின்றது. பந்தலின் அந்தக் கடைசியைப் பார்த்தாள். அங்கே அன்று யாரும் இல்லை.

"அவ ஏண்ணே எங்கிட்ட வந்து கேக்கல?"

"பயம்."

"எங்கிட்டயா?" என்றாள். மறுபடி குலையை வெட்ட ஆரம்பித்தாள். வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். சிஸ்டரைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி திறக்கும்போது லூர்தம்மாள் வாசலில் நின்றாள். பக்கத்தில் அருளப்பன். அவர் கண் சிவந்திருந்தது. சொல்லிவிட்டாள் என்பது தெரிந்தது. பேச்சியம்மாள் ஏற்கெனவே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் என் அறைக்குள் வந்தார்கள், அந்தச் சின்ன அறைக்குள் அது லேசான காரியமில்லை.

படம் வந்து நின்றிருந்தது. லூர்தம்மாள் கையெழுத்துப் போட்டாள். திறந்தேன். வலது மேல்பக்கம் அதே பொட்டு. நடுவில் பளிச்சென்று ஒரு தாலி, இரண்டு பக்கமும் காசு, குண்டு, கூடவே ஊக்குகள்.

"இது பேச்சியோடதுதான்னு மதுரை டாக்டருக்கு நாம எழுதிக் கொடுக்கணும். எப்படி எழுதும்?" என்றார் சிஸ்டர். இரண்டு பெண்களும் சேர்ந்து சொன்னால் போதாதா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள், பேச்சியம்மாள் தன் தாலியை வெளியே எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். காசு இரண்டு, குண்டு, எல்லாம் அப்படியே. ஊக்குகூட ஒன்று வளைந்தது வளைந்தபடி இருந்தது. லூர்தம்மாளும் தன்னுடையதை எடுத்தாள். சிலுவை போட்ட கிறிஸ்தவத் தாலி, சுற்றிலும் வேறொன்றும் கிடையாது. குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

சிஸ்டர் திரையின் கீழே நான் எழுதியிருந்ததைப் படித்தார். உலோகம் உள்ளது, தரம் குறைவு. "நல்ல வேளை, முருகேசா. நல்ல படமா இருந்நா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். சட்டத்தை மீறியவளின் தாலிதான் சாட்சி சொன்னது என்பதில் அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

அருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எங்க வீட்டுக்காரிக்கு?"

"ஒண்ணும் இல்லா. எப்பவும் இருந்நதில்லா."

"இத அழிச்சிர முடியாதா சிஸ்டர்?" என்று லூர்தம்மாள் மெதுவாகக் கேட்டாள். முடியாது என்றார் சிஸ்டர். படமும் இருக்கும், பெயர் தவறு என்ற குறிப்பும் அதன் பக்கத்திலேயே இருக்கும். பத்திரமாக வைப்பதென்றால் நமக்குப் பிடித்ததை மட்டும் வைப்பதில்லை என்று அவர் சொன்னது கண்டிப்பாக இல்லை, கொஞ்சம் சங்கடமாகத்தான் சொன்னார்.

"சிஸ்டர்," என்றார் அருளப்பன், துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு. "இல்லாத நோவுக்கு நன்றி சொல்லிட்டேனே, அது பாவமா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "நோவு இல்லாம இருக்கறதுக்கு நன்றி சொல்லலாம் அருளப்பா. பட்சே அதுக்கு ஆரும் சொல்றதில்லா. நீ ஒருத்தன் சொல்லிட்டே." அருளப்பன் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார். சாட்சிக் கூட்டத்தில் தட்டிய கையை நான் இப்போதுதான் தட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் லூர்தம்மாள் கேட்டாள்: "அன்னைக்கு ஏண்டி சிரிச்ச?"

"அழுதா என்னான்னு சாமியாரு கேப்பாகன்னு சிரிச்சேன்க்கா. ஒனக்குப் போயிருச்சுன்னு எல்லாரும் கைதட்டுறாக. எனக்குப் போகலைல்ல?"

லூர்தம்மாள் அவளுடைய மஞ்சள் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு பேச்சியம்மாளோடு மதுரை பஸ் ஏறினாள். அங்கே இரண்டு படத்தையும் வைத்துப் பார்த்த டாக்டர், அதே இடம், அதே அளவு, கத்தி வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் இரண்டு பேரும் சேர்ந்து புரோட்டா சாப்பிட்டதாகக் கேள்வி. புதுமை பொய்த்துப்போன ஊரில் கொஞ்ச நாள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். வெள்ளி நுரையீரலைக் கழற்றலாமா என்று சாமியார் யோசித்தார். அருளப்பன் போய் நின்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

சிஸ்டர் செய்தது இன்னொன்று. சலுகை அட்டையில் போட்டோ ஒட்டப் போகிறார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் அதைச் செய்யவில்லை. பங்குக் குடும்பம் என்றில்லாமல் கூலி வேலை செய்கிற யாரும் கேட்டு வாங்கலாம் என்று மாற்றினார். சொந்த அட்டை இருக்கிறவள் எதற்கு இரவல் வாங்கப் போகிறாள் என்பது அவர் கணக்கு. காப்பகத்தில் பொய் நுழைவது காப்பகத்தின் கதவு வழியாக இல்லை, அதற்கு வெகு முன்னால் சீட்டு எழுதும் ஜன்னல் வழியாக என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வகுப்பெடுக்கிறவர்கள் ஒரு பக்கம்தான் வேண்டுமென்றால் இந்தப் பத்தியை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். எனக்கு மிச்சம் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு பேச்சியம்மாளின் வருடப் படத்துக்கு முறை வந்தது. சொந்த அட்டை, சொந்தப் பெயர். கூட லூர்தம்மாள். சீட்டு எழுதும் பெண்ணிடம், "பேர நல்லாக் கேட்டுப் போடு தாயி, பெறகு வெள்ளிக்கு அலைய முடியாது" என்று லூர்தம்மாள் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது. மெஷினில் அன்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நின்றாள். எல்லோரிடமும் சொல்வதைப் போலத் தாலியைக் கழற்றச் சொன்னாள். இவள் கழற்ற மாட்டாள், விட்டுவிடு, கீழே எழுதிக்கொள் என்று சொல்ல நான் எழுந்தேன்.

பேச்சியம்மாள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மெதுவாகத் தலைவழியாகக் கழற்றினாள். கதவுக்கு வெளியே போய் லூர்தம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத வச்சிரு அக்கா. யாரு கேட்டாலும் குடுத்துறாத."

லூர்தம்மாள் விரல்களை மூடிக்கொண்டாள். பேச்சியம்மாள் உள்ளே வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். மூச்சைப் பிடி என்றோம், பிடித்தாள். அதே பொட்டு, அதே அளவு. நடுவில் ஒன்றுமே இல்லாத, நான் பார்த்ததிலேயே சுத்தமான படம். வெளியே வந்து எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் இடம் இருந்தும் லூர்தம்மாள் உட்காராமல், மூடிய கையை நெஞ்சோடு வைத்து நின்றுகொண்டிருந்தாள். படம் நல்லா வந்துருக்கு, குடு ஆத்தா, நான் கொண்டுபோயிக் குடுக்குறேன் என்று கை நீட்டினேன்.

"அவ வரட்டும்ண்ணே" என்றாள்.